ஏத்தத்தில் இழுக்கிற கார்டு

மருதாயி அக்கா என் கடைக்கு முதன்முதலாக வந்தது ஒரு திங்கட்கிழமை மத்தியானம். த்ரீவீலரில் இருந்து இறங்கி, பூப்போட்ட பெட்ஷீட்டில் சுற்றிய எதையோ இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பால் வெட்டு முடிந்து நேரே வந்திருக்கிறார் என்பது மூக்குக்கே தெரிந்தது. ரப்பர் பால் காய்ந்த வாடை ருவான்வெல்லைக்காரனுக்குப் புதிதில்லை. ஆனால் நான் அப்போதுதான் சோற்றுப் பார்சலைப் பிரித்திருந்தேன். அவர் மூட்டையைப் பார்சலுக்கு அரை அங்குலம் தள்ளி மேசையில் வைத்தார்.

"தம்பி, இதுக்கு எஞ்சின் மாத்தணுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள."

பசி நேரத்தில் நான் நல்ல மனிதன் இல்லை. "இது கம்ப்யூட்டர் கடை அக்கா, கராஜ் அடுத்த சந்தில ஈக்கிது" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பெட்ஷீட்டின் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இருந்தது கம்ப்யூட்டர்தான். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு ஆபீஸில் மேசைக்கடியில் படுத்துக்கிடந்த மெலிந்த வகை.

"கேம் தொறக்க மாட்டேங்குதுங்க. அப்டேட்டாம். கிராபிக்ஸ் பத்தாதுன்னு எழுதிக் காட்டுது. மூணு வாரமாச்சு."

"பேரப்பிள்ளை விளையாடுறதா?"

"எனக்கு ஏது பேரப்பிள்ளை? நான்தான் ஓட்டுறேன். பஸ்."

சோற்றை மூடி வைத்துவிட்டேன். இதைக் கேட்காமல் சாப்பிட முடியாது என்று தோன்றியது.

அன்றைக்கும் பிறகும் அவர் சொல்லி நான் தெரிந்துகொண்டது இது. மருதாயி அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. ருவான்வெல்லைக்கு மேலே இருக்கும் ரப்பர் தோட்டத்தில், கீழ்ப்பிரிவுத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில் பிறந்தார். நான்கு வாசல் தள்ளி இருந்த அழகமுத்து அண்ணனுக்கே கட்டிக்கொடுத்தார்கள். முப்பத்து மூன்று வருடமாக அதே மலையில் பால் வெட்டுகிறார். விடியுமுன் போய் மரம் மரமாக ஏறி இறங்கி, மத்தியானத்துக்குள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டால் பிறகு அவர் நேரம் அவருக்கு. சின்ன வயதில் தாயாரோடு கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பஸ்ஸில் முன் சீட்டுக்குச் சண்டை பிடிப்பாராம். ரோட்டைப் பார்ப்பதற்காக இல்லை, டிரைவர் கியர் போடுகிற கையைப் பார்ப்பதற்காக. பதினேழு வயதில், நான் பஸ் டிரைவராகப் போகிறேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்.

"ஏசியிருந்தா சண்டை போட்டிருப்பேன் தம்பி. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. சிரிக்கிறவங்கள என்னங்க பண்றது?"

ஆகவே பால் வெட்டப் போனார். ஒரே மகன் சசி படித்து முடித்து, எங்கேயோ ஏலத்தில் விட்ட இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வந்து, அதில் பஸ் ஓட்டும் கேம் ஒன்றைப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள், "கொஞ்சம் எந்திரி" என்று சொல்லி உட்கார்ந்தவர்தான். நம் நாட்டுப் பிள்ளைகள் சிலர் கூடி, கரவனெல்லை, ருவான்வெல்லை, அவிசாவளை என்று நம்முடைய வீதிகளையே அந்தக் கேமுக்குள் வரைந்து விட்டிருக்கிறார்கள். அதில் மருதாயி அக்கா ஓட்டுவது விளையாட்டு இல்லை, உத்தியோகம். ஒவ்வொரு பஸ் ஹோல்டிலும் நிறுத்துவார். சிக்னல் போடாமல் ஒரு வளைவு திரும்ப மாட்டார். மழை பெய்தால் வேகத்தைக் குறைப்பார். வழி விடாதவனை வாய் நிறைய ஏசுவார்.

சசி கட்டாருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. தோஹாவில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டுகிறான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. அன்றைக்கு நமக்குப் பின்னேரம் நாலு மணிக்கு அவன் அங்கே லேப்டாப்பில் உட்காருவான், இவர் இங்கே உட்காருவார். கேகாலை, குருநாகல் பக்கத்துச் சிங்களப் பிள்ளைகள் ஆறேழு பேரும் சேர்ந்துகொள்வார்கள். எல்லோரும் ஆளுக்கொரு பஸ்ஸை எடுத்து வரிசையாக ஒரே ரோட்டில் போவார்கள். மருதாயி அக்கா பஸ்ஸுக்குப் பின்னால் சசியின் பஸ். இரண்டு மணி நேரம். காதில் மைக் வைத்த ஹெட்செட்.

"போன்ல பேசலாமே அக்கா? வீடியோ கால் எடுத்தா முகமும் தெரியுமே?" என்றேன்.

"முகத்தப் பாத்தா அவனுக்குப் பேச்சு வராதுங்க. சாப்பிட்டியாம்பேன், சாப்பிட்டேம்பான். மழையாம்மாம்பான், மழைதான்டாம்பேன். அப்புறம் ரெண்டு பேரும் முழிச்சு முழிச்சுப் பாத்துக்கிட்டு இருப்போம். ரோட்டுல போனாத்தான் வாயத் தொறப்பான். முன்னுக்குப் பாத்துக்கிட்டுப் பேசுறது லேசு தம்பி."

எனக்குக் கல்யாணமாகி இருபது வருடம். அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது.

மூன்று வாரமாக டிரிப் இல்லை. இப்போது சசியின் கம்பெனி இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் நீட்டக் கேட்டிருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் கையெழுத்துப் போட வேண்டும். போனில் கேட்டால் "போடத்தாம்மா போறேன், நல்ல கம்பெனி" என்கிறானாம். அழகமுத்து அண்ணனுக்குச் சந்தோஷம். மகன் கட்டாரில் என்று சொல்வதற்காகவே டவுனுக்கு வருகிற மனிதர் அவர்.

"ஆனா அந்தக் கொரல்ல என்னமோ இருக்குங்க. ரெண்டு வருசம்னா ரெண்டு வருசம். அவன் மனசுல உள்ளத சொல்லிட்டுக் கையெழுத்துப் போடட்டும், நான் வேணாங்கல. சொல்லாம போட்டான்னா எனக்குத் தாங்காது. வெள்ளிக்கிழமை அவனோட ரோட்டுல இருக்கணும், அவ்வளவுதான். ஹரியா?"

சரி என்பதற்கு நானும் ஹரி என்றே தலையாட்டிவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.

மூடியைத் திறந்ததும் இரண்டு பல்லி முட்டைகள் உருண்டு வந்தன. அதைத் தவிர உள்ளே இருந்த தூசியில் ஒரு கீரைப் பாத்தி போடலாம். ஊதித் துடைத்துப் பார்த்தபோது நிலைமை விளங்கியது. அந்தக் காலத்துக்கு நல்ல மெஷின்தான். ஆனால் கிராபிக்ஸ் வேலையையும் பிரதான சிப்பே சேர்த்துப் பார்த்துக்கொள்கிறது. பழைய கேமுக்கு அது போதும், புதியதற்குப் போதாது. தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு சொருக வேண்டும். சொருக இடமும் இருந்தது. மற்ற எல்லாம்தான் இல்லை. உடம்பு பாதி அகலம், சாதாரண கார்டை நிறுத்தினால் மூடி மூடாது. பவர் சப்ளை வெறும் இருநூற்று நாற்பது வாட், அதிலிருந்து கார்டுக்குப் போகத் தனி வயரும் கிடையாது. ஆகவே கார்டு குட்டையாக இருக்க வேண்டும். சொருகும் இடத்தில் கிடைக்கிற எழுபத்தைந்து வாட்டுக்குள் அது பிழைத்துக்கொள்ள வேண்டும். கேமையும் இழுக்க வேண்டும். அக்கா கொண்டுவந்திருந்தது முப்பதாயிரம். மாப்பிள்ளை பார்ப்பதுகூட இதைவிட லேசு.

அக்காவின் கண் என் கண்ணாடி அலுமாரியில் இருந்த மூன்று ஃபேன் வைத்த கார்டில் நின்றது. செங்கல் அளவு. விலையும் குறைவுதான், ஒரு வருடம் இரவு பகல் நிற்காமல் ஓடிக் களைத்தது என்பதால்.

"அந்தப் பெருசு?"

"அது இதுக்குள்ள நுழையாது அக்கா. நுழைஞ்சாலும் கரண்ட் பத்தாது. கேம் சூடு பிடிக்கிற நேரத்தில மெஷின் அப்படியே அணைஞ்சு போகும்."

"எங்க லயத்துல ஒரே லைன்ல எட்டு வீடு. நாலு வீட்டுல ரைஸ் குக்கர் போட்டா எங்க பல்பு அழும். அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"வேணாம்" என்று அதோடு அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். என்னிடம் குட்டை வகையில் புதிய கார்டு ஒன்று இருந்தது. சீல் உடையாத பெட்டி, மேலே நெருப்புக் கக்கும் மிருகம், பெரிய எழுத்தில் நாலு ஜிபி. இருபத்திரண்டாயிரம். இரண்டு வருடமாக அலுமாரியின் மேல் தட்டில் தூசி தின்றுகொண்டிருந்தது. அது விற்காததற்குக் காரணம் இருந்தது. நாலு ஜிபி உண்மைதான். ஆனால் பீப்பாய் பெரிது, குழாய் சின்னது. படம் பார்க்கலாம், கடிதம் அடிக்கலாம். கேமைக் கண்டால் மூச்சு வாங்கும். இதெல்லாம் தெரிந்துகொண்டே அந்தப் பெட்டியை இறக்கித் துடைத்து அவர் கையில் கொடுத்தேன். ஏன் கொடுத்தாய் என்று என் மனைவி ஸாஹிராவும் பிறகு கேட்டாள். பசி என்றுதான் அவளுக்குச் சொன்னேன்.

அக்கா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மிருகத்தைப் பார்த்து அசரவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இது ஏத்தத்துல இழுக்குமா தம்பி?"

"என்ன அக்கா?"

"மட்டத்துல எல்லா வண்டியும்தான் ஓடும். எம்பது பேர ஏத்திக்கிட்டு, மழையில, ஏத்தத்துல நிப்பாட்டி எடுத்தா இழுக்கணும்ல? இழுக்குமா?"

எத்தனையோ பேருக்கு எத்தனையோ சாமானை 'இழுக்கும்' என்று சொல்லிக் கொடுத்த வாய்தான் என்னுடையது. அன்றைக்கு வரவில்லை. அந்த அம்மா கேட்ட விதத்தில் பொய்க்கு இடமே இருக்கவில்லை.

"இழுக்காது அக்கா."

"அப்ப எதுக்கு என் கையில குடுத்தீங்க?"

பெட்டியை வாங்கி மேல் தட்டில் வைத்தேன். காது சூடாகிவிட்டது. அந்த வெட்கத்தில்தான் பெல்மதுளையில் இருக்கும் முக்தாருக்கு அழைத்தேன் என்று நினைக்கிறேன். முக்தார் ஸாஹிராவின் தம்பி. பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் வாங்கி விற்கிறவன். எனக்கும் அவனுக்கும் வருடத்தில் ஆறு மாதம் பேச்சு இருக்காது. அது பேச்சு இருந்த ஆறு மாதம்.

அவனிடம் ஒன்று இருந்தது. 1050 டீஐ, குட்டை வகை, நாலு ஜிபி, தனி வயர் தேவையில்லை. பழைய மெஷினோடும் முரண்டு பிடிக்காமல் ஒத்துப்போகும். கை மாறியதுதான். ஒரு மாணிக்கக்கல் வியாபாரியின் ஆபீஸ் மெஷினில் இருந்திருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டதும் அக்கா போன் பக்கம் குனிந்துகொண்டார்.

"எத்தன ஓனருங்க?"

முக்தார் ஒரு நிமிஷம் குழம்பிவிட்டு, "ஒரே ஆள்தான்" என்றான்.

"கடுமையா ஓடினதா?"

"இல்ல உம்மா, அந்த முதலாளி அதில கிரிக்கெட் ஸ்கோர் மட்டும்தான் பாத்தீக்கிறார்."

"சூடு ஏறுமா? சத்தம் போடுமா? ஏன் விக்கிறாரு?"

அவர் மேலே மேலே கேட்கக் கேட்க முக்தாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. கார்டை ஒரு மெஷினில் மாட்டி, அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓட்டி, வீடியோ எடுத்து அனுப்பினான். அதை அக்கா கண் வெட்டாமல் பார்த்தார். "சீரா ஓடுது. சத்தமே இல்ல. எடுத்துரலாம்" என்றார். இருபத்தெட்டாயிரத்துக்குப் பேசி முடித்தோம். எனக்கு அதில் ஒரு சதமும் இல்லை. நாலு ஜிபி மிருகத்தைக் கையில் கொடுத்ததற்கு அதுதான் தண்டம்.

பெல்மதுளையில் இருந்து சாமான் வருவது எப்படி? கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டரிடம் பார்சலைக் கொடுத்தால் அவிசாவளையில் இறக்கித் தருவார். நான் போய் எடுத்து வருகிறேன் என்றேன். அக்கா சம்மதிக்கவில்லை. அவர் வண்டியின் எஞ்சின், அவர்தான் போவார். வியாழக்கிழமை பின்னேரம் அவிசாவளை ஸ்டாண்டில் இருந்து அழைத்தார். "கெடச்சிருச்சு தம்பி. டிரைவர் மடியில வச்சு ஓட்டிட்டு வந்தாராம், தங்கமான மனுசன்." நேரே கடைக்குக் கொண்டு வாருங்கள், மெஷினையும் எடுத்து வாருங்கள், மாட்டித் தருகிறேன் என்றேன்.

"இல்லீங்க. நாளைக்குக் காலையில, ராகு காலத்துக்கு முன்னாடி வீட்டுல வச்சு ஒரு பூசை போட்டுர்றேன். நீங்க பள்ளி முடிஞ்சு வந்து மாட்டிக் குடுங்க. நாலு மணிக்குத்தானே டிரிப்."

புது வண்டி எடுத்தால் பூசை போடாமல் யார் ரோட்டில் இறக்குவார்கள்?

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, மோட்டார் சைக்கிளில் மலை ஏறி, இரண்டரை மணிக்கு லயத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். விடியற்காலை மழையில் அன்றைக்குப் பால் வெட்டு இல்லை. வீடு கழுவி விட்டதுபோல் இருந்தது. கம்ப்யூட்டரின் நான்கு மூலையிலும் தேசிக்காய். அழகமுத்து அண்ணன் வாசலில் நின்று, "சக்கரம் இருந்தா ஏத்தி நசுக்கலாம். இதுக்கு எப்படிங்க நசுக்குறது?" என்று என்னிடம் உண்மையாகவே கேட்டார். கையால் நசுக்கினால் போதும் என்று என் மார்க்கத்துக்கு எட்டிய வரையில் தீர்ப்புச் சொன்னேன்.

கார்டு ஒரு தட்டில் வெற்றிலை மேல் இருந்தது. ஃபேன் மூடியின் நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம். வடிவாகத்தான் இருந்தது. நான் சிரித்துக்கொண்டே எடுத்துச் சொருகி, ஸ்குரூ முடுக்கி, ஸ்கிரீன் வயரைக் கார்டில் மாட்டி, பட்டனை அழுத்தினேன்.

ஃபேன் சுற்றியது. ஸ்கிரீன் கறுப்பாகவே இருந்தது.

கழற்றிவிட்டு வயரைப் பழைய இடத்தில் மாட்டினேன், படம் வந்தது. திரும்பவும் கார்டு, திரும்பவும் கறுப்பு. மெஷினின் செட்டிங்குகள் எல்லாவற்றையும் பார்த்தேன். மூன்று முறை சொருகினேன். வியர்த்து ஊற்றியது. முக்தாருக்கு அழைத்துக் கத்தினேன்.

"டேய், செத்த கார்டையா அனுப்பிச்சீக்கிற? மானத்த வாங்கிட்டியேடா!"

"வீடியோ எடுத்து அனுப்பினேன்தானே மச்சான்! ஒங்களுக்கு மாட்டத் தெரியல்லன்னா என்னத்துக்கு எனக்கு ஏசுறீங்க?"

இன்னும் ஆறு மாதத்துக்குப் பேசாமல் இருக்கத் தேவையான அளவு இரண்டு பேரும் பேசிவிட்டுத் துண்டித்தோம். மூன்றரை மணி. அக்காவின் போனில் சசி. "அம்மா, ரெடியா?" அக்கா என்னைப் பார்த்தார். "ரெடி ரெடி. நீ ஒக்காரு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். என்னைக் குறை சொல்லவில்லை. முக்தாரையும் சொல்லவில்லை. "அனே, போகட்டும் தம்பி. ஞாயித்துக்கெழம கையெழுத்துப் போட்டுருவான். நல்லாத்தான் இருப்பான்" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டியது. எனக்குக் கோபம் வருவதுதான் வழக்கம், அழுகை வருவது இல்லை. அதை மறைக்கக் கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனேன்.

கார்டின் அடி விளிம்பில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள் இருக்கும். அந்தப் பற்கள்தான் மெஷினுக்குள் போய்த் தொடுகிற இடம். அதைக் கட்டை விரலால் தடவினேன். ஏதோ சொரசொரத்தது. நகத்தால் சுரண்டினேன். நகத்தை மூக்குக்குக் கொண்டுபோனேன். மணத்தது.

"அக்கா! பொட்டு எங்கெங்க வச்சீங்க?"

"மேல ஒன்னு. கீழ மூணு."

"கீழயா?"

"ஆமா. அந்தத் தங்கப் பட்டையில. மத்ததெல்லாம் கறுப்பு பிளாஸ்டிக்குங்க, அது ஒன்னுதான் தங்கமா மின்னுச்சு. அதுதான் மூஞ்சின்னு நெனச்சேன்."

தங்கத்தின் மேல் சந்தனம். நிறமும் நிறமும் ஒன்று, காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் வாசல்படியில் உட்கார்ந்து சிரித்தேன். அழகமுத்து அண்ணனும் விஷயம் விளங்காமலே சிரித்தார். அக்கா மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயய்யோ, சாமி குத்தமா தம்பி?" என்றார். குத்தம் இல்லை, அழிறப்பர் வேண்டும் என்றேன். பென்சில் எழுத்தை அழிக்கிற அழிறப்பரால் தேய்த்தால் அந்தப் பற்கள் சுத்தமாகும். ரப்பர் தோட்டத்தில் ஒரு வீட்டில்கூட அன்றைக்கு அழிறப்பர் இல்லை. அழகமுத்து அண்ணன் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினார். தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற அந்த இடத்தில், ஆயாம்மாவிடம் இருந்து யானை வடிவத்தில் ஒன்றை வாங்கி வந்தார். யானையின் முதுகு தேயும் வரை தேய்த்தேன். மெஷினுக்குள் சொருகும் இடத்தில் அப்பியிருந்ததை அண்ணனின் சவர பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். அவர் அதற்கு மட்டும் முகம் சுளித்தார்.

சொருகினேன். அழுத்தினேன். படம் வந்தது.

அக்கா கைகூப்பியது எனக்கா, யானைக்கா என்று தெரியவில்லை. பென் டிரைவில் கொண்டுவந்த டிரைவர் புரோகிராமை ஏற்றினேன். கேமைத் திறந்தேன், திறந்தது. மணி நாலு பத்து. ஹெட்செட்டை வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தபோது, நானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டுவிட்டார். பிளேன்டீயோடு நான் அவர் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். வேலை முடிந்திருந்தது, ஆனால் எழுந்து போக மனம் வரவில்லை.

"ஆ, மருதா அக்கே ஆவா!" என்று சிங்களப் பிள்ளைகள் கூவினார்கள். அக்கா வந்துவிட்டார் என்று ஒரே ஆரவாரம். கரவனெல்லையில் இருந்து எட்டு பஸ் வரிசையாகப் புறப்பட்டது. சசியும் பேசத் தொடங்கினான். ரூமில் கூட இருப்பவனின் குறட்டை, புது சூபர்வைசர், பருப்பு வேகாத கதை. அம்மா சொன்னது சரிதான். அந்தப் பையன் நிறுத்தாமல் பேசினான். ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. அக்காவும் கேட்கவில்லை. ஹோல்ட் ஹோல்டாக நிறுத்தி ஆள் ஏற்றிக்கொண்டு போனார்.

ஒரு வளைவு திரும்பி ஏற்றம் தொடங்கியதும் அக்கா சட்டென்று முன்னால் குனிந்தார்.

"டேய் சசி, இதென்னடா? ரெண்டு பக்கமும் மரம்!"

பழைய நிலையில் அந்த மெஷினுக்கு ரோட்டையும் பஸ்ஸையும் காட்டவே சீவன் போதவில்லை. அதனால் சசி போகும்போதே மற்ற எல்லாவற்றையும் கேமுக்குள் அணைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். இரண்டு வருடமாக அக்கா ஓட்டியது மொட்டை வெளிக்கு நடுவே. அன்றைக்குத்தான் நான் அதையெல்லாம் திறந்துவிட்டிருந்தேன். ஏற்றத்தில் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள், வரிசை வரிசையாக, இலைக்குள்ளே வெளிச்சம் விழுந்துகொண்டு.

"ரப்பரு மரம்டா! யார்ரா இத வெட்டினது? வெட்டு எடப்பக்கம் எறங்குது பாரு. இப்படி வெட்டினா பால் எங்க வரும்? ஒரு மரத்துலயும் சிரட்டையக் காணோம். கங்காணி கண்டா அரைப்பேர்தான் போடுவாரு, அரை நாள் சம்பளம்தான்."

சசி சிரித்தான். பிறகு அவன் சிரிப்பு நின்றது. கண்ணாடியில் பார்த்தால் அவன் பஸ் மெதுவாகிக்கொண்டிருந்தது.

"ஏன்டா நிப்பாட்டுற? இங்க ஹோல்ட் இல்லையே."

"இந்த எடத்துல நான் எப்பவும் மெதுவாத்தாம்மா வருவேன்."

"எதுக்கு?"

"மரம் பாக்க."

"இதப் போயி பாக்கவா? நான் தெனம் பாத்துப் பாத்து அலுத்துப் போனது."

"நீங்க பாக்குறீங்க. இங்க நான் பவுசர்ல போயி ரோட்டோரமா நிக்கிற பேரீச்ச மரத்துக்கெல்லாம் தண்ணி ஊத்துறேம்மா. ஒன்னாவது நம்ம ஊரு மரம் மாதிரி இல்ல." அவன் பஸ் இன்னும் மெதுவானது. "அம்மா, நான் கையெழுத்துப் போடலன்னா அப்பா ஏசுவாரா?"

அக்கா வாசலைத் திரும்பிப் பார்த்தார். அழகமுத்து அண்ணன் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். ஊர் முழுக்க மகனைப் பற்றிச் சொல்லித் திரிகிற மனிதர், இந்த மெஷினுக்குப் பக்கத்தில் ஒருநாளும் வராதவர். அவர் வந்தார். மனைவியின் வாய்க்குப் பக்கத்தில் இருந்த மைக்கைப் பிடித்து, தோஹாவுக்கு இங்கிருந்தே கேட்கட்டும் என்பதுபோல் கத்தினார்.

"நான் ஏன்டா ஏசப் போறேன்? வந்துருடா!"

ஸ்பீக்கரில் சசி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "பதினெட்டாந்தேதி முடியுதுப்பா. அதோட வந்துர்றேன்" என்றான். அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சறத்தின் நுனியால் முகத்தைத் துடைத்தார். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

மருதாயி அக்கா ஏற்றத்தின் நடுவில், நடு ரோட்டில், பஸ்ஸை நிறுத்திவிட்டார். சிக்னல் போடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதார், சிரித்துக்கொண்டேதான் அழுதார். பின்னால் ஏழு பஸ்ஸும் நின்றுவிட்டன. "அக்கே, யமு யமு!" போவோம் போவோம் என்று பிள்ளைகள் ஹோர்ன் அடித்தார்கள்.

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு, நல்ல சிங்களத்தில், ரோட்டில் உள்ள அத்தனை பேருக்கும் சொன்னார்.

"பொட்டக் இன்ட. மகே புதா கெதர எனவா."

கொஞ்சம் இருங்க, என் மகன் வீட்டுக்கு வருகிறான். ஹோர்ன் ஒரு நிமிஷம் நின்றது. பிறகு எல்லா பஸ்ஸும் சேர்ந்து ஒரேயடியாக அடிக்கத் தொடங்கின, அடுத்த லயத்து ஆட்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு.